இடது பக்கம் காலி

"எதுக்குடா இடது பக்கத்துல ஒரு ஆளு கூட இல்லாம விட்டிருக்காங்க? யோசிங்க, யோசிங்க" என்றார் ஃபோர்மேன்.

கிரீஸ் டப்பாவில் சாய்த்து வைத்த செல்போனைச் சுற்றி, பஸ் பணிமனையின் கால்பந்து அணி மொத்தமும் நின்றது. ஃபோர்மேன்தான் பயிற்சியாளர்.

ஓடிக்கொண்டிருந்தது மூன்று மாதத்துக்கு முந்தைய ஆட்டம். லீக் புள்ளிப் பட்டியலில் முதலிடத்தில் இருக்கும் மருத்துவமனை அணியோடு இவர்கள் மோதியது. அன்றைக்கு டயர் மாட்டுகிறவர் வரவில்லை, மனைவிக்குப் பிரசவம். பத்துப் பேராக ஆடி, ஒரே ஒரு கோலில்தான் தோற்றார்கள். 'பத்துப் பேரை வெச்சுக்கிட்டு சாம்பியனுக்கே தண்ணி காட்டினோம்' என்று கேன்டீனில் இன்னும் அதே பேச்சு.

மற்ற ஆட்டங்களைப் பற்றிக் கேன்டீனில் யாரும் பேசுவதில்லை.

"அவங்க பெரிய ஆளுங்க, எப்படி வேணா ஆடுவாங்க. நமக்கு எதுக்கு மாமா அது?" என்றான் கண்டக்டர். ஃபோர்மேனின் மச்சினன்.

"அது பொறி மாப்ளே. காலியா இருக்கேன்னு எதிராளி உள்ளே வருவான். வந்ததும் அப்படியே அமுக்கிடுவாங்க."

"அன்னிக்கு நாம உள்ளே போனோமா?"

"நாம எங்கடா பந்தைத் தொட்டோம்?"

வேறு வழியும் இல்லை. மேனேஜர் கறாராகச் சொல்லிவிட்டார். மிச்சமிருக்கும் மூன்று ஆட்டத்தில் ஒன்றையாவது ஜெயிக்க வேண்டும். இல்லாவிட்டால் பணிமனைக்குப் பின்னால் இருக்கும் மைதானத்தில் பழுதான பஸ்களைக் கொண்டுவந்து நிறுத்திவிடுவார். "ஓடாத பஸ்தான். ஆனா உங்களுக்கு அது எவ்வளவோ தேவலை" என்று வேறு சொல்லியிருந்தார்.

ஆக, இடது பக்கம் காலியானது. அங்கே ஆடும் டயர்காரர் நடுவில் போய் நின்றார்.

முதலில் தபால் அணி. ஃபோர்மேன் சொன்னபடியே இடது பக்கமாக உள்ளே வந்தார்கள். யாரும் அமுக்கவில்லை. ஐந்து கோல்.

அடுத்து பேக்கரி அணி. ஏழு.

"மாமா, நம்ம இடது பக்கம் இப்போ பஸ் ஸ்டாண்டு மாதிரி ஆயிடுச்சு. போறவன் வர்றவன் எல்லாம் அந்த வழிதான்."

"பயிற்சி போதலைடா."

"அக்காவைக் கட்டிக்கொடுத்த பாவத்துக்கு இன்னும் எத்தனை கோல் வாங்கணும்?"

மறுநாள் ஃபோர்மேன் மருத்துவமனைக்குப் போனார். எக்ஸ்ரே எடுக்கும் தம்பிதான் அந்த அணியின் கேப்டன். "நேராவே கேட்டுட்டு வர்றேன்" என்று நெஞ்சை நிமிர்த்திப் போனவர், திரும்பி வந்ததும் அடுத்தடுத்து இரண்டு டீ குடித்தார்.

"என்ன மாமா சொன்னாரு?"

"ஒண்ணுமில்லை. படம் தெளிவா விழுந்துடுச்சு."

கடைசி ஆட்டம் தீயணைப்பு நிலைய அணியோடு. அவர்கள் கேப்டன் மூச்சு வாங்க வந்தார். "கிளம்புற நேரத்துல ஒரு அழைப்பு வந்துடுச்சு அண்ணே. ஒருத்தரை அனுப்ப வேண்டியதாப் போச்சு. பரவாயில்லை, பத்துப் பேராவே ஆடறோம்."

பணிமனைக்காரர்களின் முகத்தில் விளக்குப் போட்ட மாதிரி ஆனது.

"பதினொண்ணுக்குப் பத்து! மைதானம் நம்மளோடது மாமா!"

ஃபோர்மேன் எதிரணியைப் பார்த்தார். நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த மேனேஜரைப் பார்த்தார்.

"டயரு, நீ வெளியே உக்காரு."

"எதுக்கு அண்ணே? எனக்குக் காலு நல்லாத்தானே இருக்கு?"

"உக்காருன்னா உக்காரு. இடது பக்கம் காலியா இருக்கட்டும்."

கண்டக்டர் தலையில் அடித்துக்கொண்டான். "அந்தக் கிறுக்கு இன்னும் தெளியலையா? போன ரெண்டு ஆட்டத்துல அவரை நடுவுலயாவது நிக்க வெச்சீங்க!"

மேனேஜர் எழுந்தே விட்டார். "என்னய்யா கூத்து இது? பஸ்ஸை இப்பவே எடுத்துட்டு வரச் சொல்லட்டுமா?"

ஃபோர்மேன் ஆட்டத்தைத் தொடங்கச் சொல்லிக் கையைக் காட்டினார். விசில் ஒலித்தது.

முடிய ஐந்து நிமிடம் இருக்கும்வரை இரண்டு பக்கமும் கோல் இல்லை. ஃபோர்மேனைத் திட்டுவதற்காகக் கண்டக்டர் திரும்பினான். அந்த நேரம் பார்த்து யாரோ ஓங்கி உதைத்த பந்து அவன் முதுகில் பட்டு, தீயணைப்புக்காரர்களின் கோலுக்குள் போய் விழுந்தது.

அவ்வளவுதான். ஒன்றுக்குப் பூஜ்யம். மேனேஜர் நாற்காலியை மடக்கி எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

தீயணைப்புக் கேப்டன் செல்போனும் கையுமாக வந்தார். "அண்ணே, எங்க ஆளு ஆட்டம் முழுக்க வீடியோ எடுத்திருக்கான். இடது பக்கத்தைக் காலியா விட்டீங்களே, அது என்ன தந்திரம்? அடுத்த வருஷம் நாங்களும் அப்படியே பண்ணலாம்னு இருக்கோம்."

"பண்ணிடாதீங்க தம்பி. அதை நம்பி நாங்க பன்னிரண்டு கோல் வாங்கியிருக்கோம்" என்றார் ஃபோர்மேன். "முதல்ல அந்த வீடியோவுல எங்க ஆளுங்களை எண்ணிப் பாருங்க."

அவர் எண்ணினார். பத்து. ஃபோர்மேனை நிமிர்ந்து பார்த்தார்.

"நீங்களும் பத்துப் பேர்தானா? ஏன் அண்ணே, ஒரு வார்த்தை சொல்லலையே?"

"அன்னிக்கு எங்ககிட்ட மட்டும் யாரு சொன்னாங்க?"

கண்டக்டருக்கு என்னவோ போல் இருந்தது. மருத்துவமனை அணியோடு ஆடிய அந்தப் பழைய வீடியோவை எடுத்தான். இந்தத் தடவை அவர்களுடைய ஆட்களை விரல் வைத்து எண்ணினான். யாராவது யாருக்காவது பின்னால் மறைந்திருப்பார்கள் என்று மறுபடியும் முதலிலிருந்து எண்ணினான்.

பத்து.

அன்றிலிருந்து அந்த ஆட்டத்தைப் பற்றியும் கேன்டீனில் யாரும் பேசுவதில்லை.