துரைக்குப் பிடித்த நிலநடுக்கம்

ஒல்லாந்துத் துரை ஒரு பலகையின் மேல் களிமண் கோட்டையை வைத்தார்.

"பூமி ஆடுனப்போ உங்க குடிசை எப்படி ஆடிச்சோ, அப்படியே பலகையை உலுக்கிக் காட்டணுமாம். அதுக்குத் தக்கபடி மதில் கட்டுவாராம்" என்று துரையின் பேச்சை மொழிபெயர்த்துச் சொன்னான் துபாஷ்.

மீனவக் குப்பத்துத் தலைவன் கன்னியப்பன் மனசுக்குள் கணக்குப் போட்டான். வேகமாக உலுக்கினால் மதில் தடிக்கும். வலை காயப்போடும் மணல்மேடு பறிபோகும். குப்பத்தாருக்குக் கண்ணைக் காட்டினான். ஆளாளுக்குத் தொட்டில் ஆட்டுவதுபோல ஆட்டினார்கள்.

"இவ்ளோதானா?" என்றான் துபாஷ்.

"அவ்ளோதாங்க. தூங்குன கொழந்தகூட முழிக்கல."

துரை கைதட்டிச் சிரித்தார்.

"இன்னா சொல்றாரு?"

"இவ்ளோ சாதுவான மண்ணு வேற எங்கயும் இல்லியாம். வெடிமருந்துக் கிடங்கை உங்க குப்பத்து நடுவுலயே கட்டப்போறாராம்."

கன்னியப்பன் பாய்ந்து, வெறிபிடித்தவன்போலப் பலகையை உலுக்கினான். கோட்டை பொடிப்பொடியானது.

துரை உதட்டைப் பிதுக்கினார்.

"இது மத்ததோட ஒத்துப்போகலையாம். கணக்குல சேக்க வேணாம்னுட்டாரு."