கொரியா வரிசை

உலான்பாத்தர் குளிரில், கொரியத் தொழிற்சாலை வேலைக்குப் பெயர் கொடுக்கும் வரிசை தெருமுனைவரை நீண்டிருந்தது. காய்ச்சல் என்று பள்ளியில் பொய் சொல்லிவிட்டு வந்து நின்ற சாருலுக்கு, முன்னால் நிற்பவளைக் கண்டதும் உயிரே போய்விட்டது, பாவம். அதே பள்ளி ஆசிரியை ஓயுனா! விஷயம் வெளியே தெரிந்தால், குழந்தைக்குப் பால் வாங்கித் தரும் பள்ளி வேலையும் போய்விடும்.

சாருல் ஒளிவதற்குள் ஓயுனா திரும்பி, அவளைப் பார்த்துக் கூவிவிட்டாள்.

"ஐயோ, டீச்சர்... நீங்களா?"

"கத்தாதடி! உன் கால்ல விழறேன், யார்கிட்டயும் மூச்சு விட்டுடாத."

ஓயுனா குரலைத் தாழ்த்தினாள்.

"நான் எப்படிச் சொல்வேன் டீச்சர்? வயித்துவலின்னு உங்ககிட்டதானே லீவு வாங்கினேன்! கொரியா வரிசையில நின்னா சீட்டைக் கிழிச்சிடுவேன்னு நேத்து எங்களை மிரட்டின ஹெச்.எம்மே நீங்கதானே!"