முறைத் தண்ணீரும் சோர்ஸ் கோடும்

“சர்வர் மும்பையில இருக்குதுங்க்கா. நாம வாடகைக்குத்தான் எடுத்திருக்கறோம். அதைத் தொறந்து காட்டோணும்னு நமக்கு ஒண்ணும் கட்டாயமில்லீங்க.”

சொல்லிவிட்டு சதீஷ் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டான். தலைக்கு மேல் ஃபேன் முழு வேகத்தில்தான் சுற்றிக்கொண்டிருந்தது.

பெருமாட்டிப் பாசன சங்கத்துத் தென்னந்தோப்புகளுக்கு எப்போது, எவ்வளவு நேரம் தண்ணீர் என்பதை இரண்டு வருடமாக ஓர் ஆப்தான் சொல்கிறது. யாரோ எழுதி இலவசமாக விட்டிருந்ததை எடுத்து, சங்கத்துக்குத் தோதாக மாற்றியவன் சதீஷ். அதில் தலைவர் கருப்புசாமி தன் தோப்புக்கு நேரத்தைக் கூட்டிக்கொள்கிறார் என்று சித்ராவுக்குச் சந்தேகம்.

கணவன் மரத்திலிருந்து விழுந்து கால் ஒடிந்து படுத்ததிலிருந்து தோப்பைத் தனியாகப் பார்ப்பவள் அவள். வாய்க்காலின் கடைசித் தோப்பு. தண்ணீர் போய்ச் சேர்வதற்குள் பாதி முறை முடிந்துவிடும். இந்தக் கோடையில் எப்படியோ ஒரு மரமும் காயவில்லை.

கல்யாணத்துக்கு முன் கோயமுத்தூரில் கம்ப்யூட்டர் கம்பெனியில் இருந்தவள். அந்த இலவச ஆப்போடு வந்த லைசென்ஸை வரி விடாமல் படித்துவிட்டுத்தான் சங்கக் கூட்டத்துக்கு வந்திருந்தாள்.

“மாத்தி எழுதி நெட்டுல ஓட்டுனா, உபயோகிக்கறவங்க கேட்டா சோர்ஸ் கோடை, அதான் புரோகிராமா எழுதுன வரிகளை, குடுத்தே ஆகோணும். சர்வர் ஆருதா இருந்தா என்ன? ஆப்பை உபயோகிக்கறது நாங்கதானே?”

கூட்டம் அவள் பக்கம் சாய்ந்தது. கருப்புசாமி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு, காட்டிவிடும்படி சதீஷிடம் சொன்னார்.

அவன் லேப்டாப்பில் இருந்த பிரதியைத் திறந்து அவள் பக்கம் நகர்த்தினான். குரலைத் தாழ்த்தினான்.

“நீங்க மட்டும் தனியாப் பாருங்களேன்க்கா.”

அவள் மசியவில்லை. எல்லாருக்கும் கேட்கும்படி படிக்கப்போவதாகச் சொல்லிவிட்டுத் தேட ஆரம்பித்தாள். கால் மணி நேரத்தில் விரல் ஓர் இடத்தில் நின்றது.

ஒரு தோப்புக்கு மட்டும் முறைக்கு முறை இருபது நிமிடம் கூடுதல் என்று உரக்கப் படித்தாள். ‘கமிட்டிக்குத் தெரிய வேண்டாம்’ என்று பக்கத்தில் குறிப்பு வேறு. கூட்டம் கொதித்தது.

அடுத்த வரியில் தோப்பின் நம்பர் இருந்தது. படிக்க வாயெடுத்தவள் அப்படியே நின்றாள். சதீஷ் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

“ஆரு தோப்பு அம்மிணி அது? பேரைச் சொல்லு” என்றார் கருப்புசாமி.

சித்ரா லேப்டாப்பை மெல்ல மூடினாள்.

“எங்குளுதுங்க.”