குழந்தை இல்லாத தம்பதிக்கு மட்டும்

“பிள்ளை குட்டி?”

“இல்லைங்கம்மா.”

“ஊர்ல விட்டுட்டு வந்து, அப்புறம் ஒண்ணொண்ணாக் கூட்டிட்டு வர்ற கதையெல்லாம் இங்க நடக்காது.”

“யாரும் இல்லைங்க. நானும் அவரும்தான்.”

அறை கேட்டு வந்த ருஃபினா தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். வீட்டுக்காரி நெமேசியா பக்கத்து வீட்டுப் பசிலியாவைப் பார்த்தாள். எல் ஆல்டோ நகரில் பல வீடுகளை வாடகைக்கு விட்டுப் பழகியவள் பசிலியா. சரி என்று கண்ணைக் காட்டினாள்.

நெமேசியாவுக்கு இதுதான் முதல் வாடகை அறை. தெருமுனையில் ஊதாச் சோளக் கஞ்சி விற்று, வருடக்கணக்காகச் செங்கல் செங்கலாக எழுப்பிய மாடி. கடையில் தயாராக விற்ற பலகையை வாங்கி மாட்டியிருந்தாள்: ‘அறை வாடகைக்கு. குழந்தை இல்லாத தம்பதிக்கு மட்டும்.’

“முதல்லயே இளகினா முடிஞ்சுது, கொமாத்ரே,” என்றாள் பசிலியா, தோழியை உறவுமுறை சொல்லி அழைத்து. “பிள்ளைங்க சுவத்துல கிறுக்கும், தண்ணியை வீணாக்கும். போட்ட முதல் திரும்பி வராது.”

ருஃபினா குடிவந்த பிறகு கார்னிவல் செவ்வாய் வந்தது. புது மாடிக்கு முதல் சல்யா, பூமித்தாய்க்குச் சாராயம் தெளிக்கும் சடங்கு. நெமேசியா மூலைக்கு மூலை சாராயம் தெளித்துக்கொண்டே வந்தாள். பின்னால் சரவெடியோடு பசிலியா.

ருஃபினா கதவை மறித்து நின்றாள். “இந்த ரூமுக்கு நானே தெளிச்சுக்கறேங்க.”

“பூமித்தாய்க்கு வீட்டுக்காரிதான் ஊத்தணும். தள்ளு.”

உள்ளே தெளித்தாள். ஒரு பிடி வண்ணக் காகிதத் துண்டுகளை அள்ளி வீசினாள். பசிலியா வாசலிலேயே சரத்தைக் கொளுத்திப் போட்டாள். ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. தெருநாய்கள் ஊளையிட்டன.

புகை அடங்கியபோது கட்டிலுக்கு அடியிலிருந்து ஒரு சின்னக் கை வந்தது. தரையில் கிடந்த சிவப்புத் துண்டு ஒன்றை எடுத்துக்கொண்டு உள்ளே போயிற்று.

“பாத்தியா!” பசிலியா துள்ளினாள். “பொய்க்காரி! இன்னைக்கே மூட்டையைத் தூக்கித் தெருவுல எறி, கொமாத்ரே.”

நெமேசியா குனிந்து அந்தக் கையைப் பிடித்து வெளியே இழுத்தாள். நாலு வயது இருக்கும். பெண் குழந்தை. வெடிக்குப் பயந்து பாவாடை நனைந்திருந்தது. உதடுகள் இறுக மூடியிருந்தன. ஒரு முனகல்கூட இல்லை.

நெமேசியாவின் முகம் கறுத்தது. “என் மூஞ்சியப் பாத்துப் பொய் சொன்னே, இல்ல?”

“வேற என்ன சொல்றது?” ருஃபினாவும் குரலை உயர்த்தினாள். “எந்தத் தெருவுக்குப் போனாலும் இதே பலகை. உண்மையைச் சொன்ன வாசல்ல எல்லாம் கதவைச் சாத்தினாங்க. நீங்க மட்டும் தொறந்திருப்பீங்களா?”

நெமேசியா குழந்தையின் பக்கம் குனிந்தாள்.

“இவளுக்குக் காது கேக்காதா?”

“நல்லாக் கேக்கும்.”

“வாய்?”

“பேசுவா. வீட்டுக்காரங்க இருக்கிறப்போ பேச மாட்டா.”

“அடிச்சுப் பழக்கினியா?”

“ஐயோ, இல்லைங்க. ஒவ்வொரு வீடா மாறி மாறி, அவளாவே பழகிக்கிட்டா.”

குழந்தை அந்தக் காகிதத் துண்டை உள்ளங்கைக்குள் மறைத்தது.

“இன்னும் என்ன கேள்வி?” என்றாள் பசிலியா. “கெடு குடுத்து அனுப்பு.”

“குடுக்கறேன்.”  நெமேசியா ருஃபினாவின் பக்கம் திரும்பினாள்.

“நல்லாக் கேட்டுக்கோ. பொழுது சாயறதுக்குள்ள இந்தப் புள்ள கத்துற கத்து பசிலியா வீடு வரைக்கும் கேக்கணும். கேக்கலேன்னா, மூட்டையைக் கட்டு!”