மஞ்சள் கோடு

“என் தம்பி என்ன கொள்ளைக்காரனா? ஏன் இப்படி அவன் தலைக்கு மேலயே நிக்கறீங்க?”

மனைவி கேட்டாள்.  அவர் கார் ஷெட்டை விட்டு ஒரு அடிகூட நகரவில்லை.

எப்படி நகர்வார்? உசிரைக் கொடுத்து வாங்கின கார். பெற்ற மகளைக்கூட அதில் செருப்போடு ஏற விடமாட்டார். இருக்கிற வேகம் போதாதென்று இப்போது பெரிய டர்போ இரண்டு வரவழைத்திருந்தார். இன்ஜினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளுகிற சமாசாரம். மாட்டினால் வண்டி பறக்குமாம்.

மாட்டித் தர வந்தவன் மச்சினன். ஒர்க்‌ஷாப்பில் மெக்கானிக்.

“வெளிய விட்டு ஏமாறாதீங்க அத்தான். லீவு நாள்ல வந்து நானே வீட்டுல வச்சு முடிச்சுத் தர்றேன். கூலி கீலின்னு பேசினீங்கன்னா கெட்ட கோபம் வரும்.”

அங்கேதான் அவருக்கு உதைத்தது. இந்தக் காலத்தில் எவன் சும்மா செய்வான்?

போதாக்குறைக்கு அவனே உளறியும் வைத்தான். “இதே மாடல் வண்டி ஒண்ணு, டர்போ கெட்டுப்போய் எங்க ஒர்க்‌ஷாப்புல நிக்குது அத்தான்.”

ஓஹோ! அப்படிப் போகிறதா கதை!

காலையில் ஆயில் வாங்கி வரச் சொல்லி அவரைக் கடைக்கு விரட்டினான். ஓட்டமும் நடையுமாகத் திரும்பி வந்தால், அதற்குள் இடது பக்க டர்போ ஏறிவிட்டது. காருக்கு அடியில் புதிதாக ஒரு கோணிப்பை வேறு.

வலது பக்கத்தையும் தூக்கி வைத்து, போல்ட்டுகளை விரலால் திருகிக்கொண்டிருந்தபோது அவனுக்குப் போன் வந்தது. எட்டப் போய்ப் பேசினான். அவர் காதைத் தீட்டிக்கொண்டார்.

“சாயங்காலம் கொண்டு வந்து வச்சுடறேன்டா. முதலாளி கண்ணுல மட்டும் படக் கூடாது.”

எதை? என் டர்போவையா?

“ரெண்டு பேரும் சாப்பிட வாங்க!” என்று உள்ளேயிருந்து குரல்.

“நீ போ மச்சான். எனக்குப் பசியில்லை.”

அவன் தலை மறைந்ததும் இன்ஜினுக்குள் எட்டிப் பார்த்தார். இடது பக்க டர்போவில் ஒவ்வொரு போல்ட் மேலேயும் மெல்லியதாய் ஒரு மஞ்சள் கோடு. வலது பக்கத்தில் ஒன்றுகூட இல்லை.

அட படுபாவி! கழற்றிக்கொண்டு போக வேண்டியதற்கு அடையாளமா போட்டு வைத்திருக்கிறாய்?

அவன் டூல் பெட்டியிலேயே மஞ்சள் பெயின்ட் பேனா இருந்தது. எடுத்தார். வலது பக்கத்து போல்ட் ஒன்று விடாமல், ஆயில் பைப் வரைக்கும், அச்சு அசலாய் அதே மாதிரி கோடு இழுத்தார். இப்போது இரண்டு பக்கமும் இரட்டைப் பிள்ளை மாதிரி இருந்தன.

‘இப்ப எதைடா எடுப்பே?’

சாப்பிட்டுவிட்டு வந்த மச்சினன் குனிந்து பார்த்தான். வலது பக்கத்தைப் பார்த்தான். இடது பக்கத்தைப் பார்த்தான். மறுபடி வலது பக்கம். பிறகு நிமிர்ந்து அவரைப் பார்த்தான்.

“அத்தான், நீங்க போய் ஒரு வாய் சாப்பிட்டு வாங்க. நான் பாத்துக்கறேன்.”

நீ பாத்துக்குவேதான்! அவர் சமையலறைக்குப் போகிற மாதிரி போய், ஜன்னலில் கண்ணை வைத்தார்.

மச்சினன் துணியைத் தின்னரில் நனைத்து, வலது பக்கத்து மஞ்சள் கோடுகளை ஒவ்வொன்றாக அழித்தான். பிறகு கோணிப்பையை இழுத்தான்.

“மாட்டிக்கிட்டான்! இங்க வந்து பாரு, உன் அருமைத் தம்பியை!” என்று கத்திக்கொண்டே ஷெட்டுக்கு ஓடினார்.

ஈரக் கையோடு மனைவி ஓடி வந்தாள். அவர் பையைப் பிடுங்கி உதறினார். டங்கென்று விழுந்தது நீளமாய் ஒரு ஸ்பேனர்.

“டார்க் ரெஞ்ச்க்கா” என்றான் தம்பி. “எந்த போல்ட்டை எவ்வளவு இறுக்கணுமோ, சரியா அவ்வளவு இறுக்கும். ஒர்க்‌ஷாப்போடது. முதலாளி வெளிய விடமாட்டார். அத்தான் வண்டியாச்சேன்னு சொல்லாம எடுத்துட்டு வந்தேன். சாயங்காலம் திருப்பி வச்சுடணும்.”

அவர் விடுவதாயில்லை. “அது சரி, அந்தக் கோட்டை எதுக்கு அழிச்சே?”

மச்சினன் அவரை ஒரு நிமிஷம் பார்த்தான். பிறகு அக்கா பக்கம் திரும்பினான்.

“தப்பு என்னுதுதான்க்கா. போல்ட்டை இறுக்கி முடிச்சாத்தான் மஞ்சக் கோடு போடுவோம். கோட்டைப் பாத்துட்டா அப்புறம் அதைத் தொடவே மாட்டோம். வலது பக்கத்தை இன்னும் இறுக்கவே இல்ல. ஏதோ ஞாபகத்துல கோட்டை மட்டும் இழுத்து வச்சுட்டேன்.”

“அப்படியே விட்டிருந்தா?”

“ஆயில் பைப் கழண்டுக்கும். கொதிக்கிற டர்போ மேல ஆயில் கொட்டினா, ஓடற வண்டி தீப்பிடிச்சுடும்க்கா.”



“அறிவிருக்காடா உனக்கு? நாளைக்கு நானும் பாப்பாவும் இதுலதானே போறோம்! உயிரோட கொளுத்தப் பாத்தியா? இவர் காவல் காக்கறாரேன்னு நான் திட்டினேன் பாரு, என்னைச் சொல்லணும். இவர் சந்தேகப்பட்டதுல தப்பே இல்ல!”

“மன்னிச்சுடுக்கா.” தலையைக் குனிந்துகொண்டே எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டான்.

  அவரை வெட்கம் பிடுங்கித் தின்றது.

மனைவி முணுமுணுத்துக்கொண்டே உள்ளே போனாள். மச்சினன் அருகில் வந்து, தின்னர் நனைத்த துணியை அவரிடம் நீட்டினான்.

“கட்டை விரல்ல மஞ்சள் ஒட்டியிருக்கு அத்தான். அக்கா பாக்கறதுக்குள்ள துடைச்சுடுங்க.”