மூன்றாவது கட்டம்

மஞ்சள் சீட்டில் பெயர் எழுத வேண்டாம், பயத்தை மட்டும் எழுதினால் போதும் என்று வகுப்பெடுக்கும் மேடம் சொல்லியிருந்தார்.

கடைசி வரிசைக்காரர் பேனா மூடியை மூன்றாம் முறையாகக் கழற்றினார்.

முப்பத்தொரு வருடம் திட்ட மேலாளராக இருந்தவர். ஒரே கூட்டத்தில், தேநீர் ஆறுவதற்குள், அந்த நாற்காலியையே தூக்கிவிட்டார்கள். இனி எல்லாம் அஜைல் முறையாம். குழுக்கள் தங்களைத் தாங்களே பார்த்துக்கொள்ளுமாம். மேய்க்க ஆள் வேண்டாம், சொல்லிக்கொடுக்க ஆள் இருந்தால் போதுமாம்.

சரி, சொல்லிக்கொடுப்பவனாகவே ஆகிவிடுவோம் என்று ஐம்பத்தாறு வயதில் இந்த இரண்டு நாள் வகுப்பில் வந்து உட்கார்ந்திருந்தார். மற்றவர்களுக்கு அவர் வயதில் பாதிதான் இருக்கும். காலையிலிருந்து பந்து எறிவது, காகித விமானம் விடுவது என்று பயிற்சி விளையாட்டுகளிலேயே இடுப்பு கழன்றுவிட்டது.

ஆனாலும் மனிதர் விடவில்லை. ஒவ்வொரு கேள்விக்கும் முதல் ஆளாகக் கையைத் தூக்கினார். மேடம்தான் அவர் பக்கம் திரும்பவே இல்லை.

எழுதினார். கையெழுத்து தெரியாமலிருக்க வேண்டுமென்றே கோணல்மாணலாக எழுதினார். பழக்கதோஷம், அடியில் இரண்டு கோடு போட்டுவிட்டார்.

சுவரில் மூன்று கட்டங்கள்: செய்ய வேண்டியவை, நடப்பவை, முடிந்தவை. மேடம் சீட்டுகளை ஒவ்வொன்றாக வாசித்து முதல் கட்டத்தில் ஒட்டினார். மேடை ஏறினால் நாக்கு ஒட்டிக்கொள்கிறது என்றது ஒன்று. குறுக்குக் கேள்வி கேட்டால் உளறிவிடுவேன் என்றது இன்னொன்று. எல்லாவற்றையும் நாளை மாலைக்குள் மூன்றாவது கட்டத்துக்கு நகர்த்த வேண்டும். அதுதான் பயிற்சி.

அவருடைய சீட்டு வந்தது.

வேலை கிடைக்காமல் வீட்டுக்குப் பாரமாகிவிடுவேனோ?

வாசித்த குரல் பாதியில் நின்றது. மேடம் அந்த இரண்டு கோடுகளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு விறுவிறுவென்று நடந்து, சீட்டை நேராக மூன்றாவது கட்டத்தில் ஒட்டி, உள்ளங்கையால் அழுத்தினார்.

முன்வரிசைப் பெண்ணுக்குப் பொறுக்கவில்லை. "மேடம், அது இன்னும் ஆரம்பிக்கவே இல்லையே?"

"அது எங்க வீட்டு விஷயம். எப்பவோ முடிஞ்சு போச்சு."

வகுப்பே கடைசி வரிசையைத் திரும்பிப் பார்த்தது. உறவு யாருக்கும் தெரியக் கூடாது என்று காலையில் தெருமுனையிலேயே மேடத்தின் காரிலிருந்து இறங்கிக்கொண்டவர், கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார்.

ஒன்றாம் வகுப்பிலிருந்து மகளின் ஒவ்வொரு நோட்டு அட்டையிலும் அவள் பெயரை எழுதி, அடியில் இரண்டு கோடு போட்டது தாம்தான் என்பதை அவர் மறந்தே போயிருந்தார்.