ஒரே முகவரி

“கணவன், மனைவி ரெண்டு பேரும் ஒரே பிரிவுல வேலை பார்க்கக் கூடாதாம். மேலிடத்து உத்தரவு. நம்ம பிரிவுல யாராவது இருக்காங்களான்னு பாருங்க” என்றார் மேலாளர், அவள் முகத்தைப் பார்க்காமலே.

“பார்க்கறேன் சார்.”

அவள் நிரல் எழுதும் கணினி மொழியில், ஊழியர் விவரங்கள் உள்ள தரவுத்தளத்துக்குத் தேடும் வழியைச் சொல்லித்தர வேண்டியதில்லை. விதியைச் சொன்னால் போதும், விடையை அதுவே யோசித்துக் கொடுத்துவிடும். ஒரே முகவரியில் ஒரு பிள்ளைக்கு அப்பா, அம்மாவாக இருப்பவர்கள் தம்பதி என்று அங்கேயே மடிக்கணினியில் விதி எழுதிக் கேட்டாள்.

ஒரு ஜோடி வந்தது.

“யாரு?”

“நீங்களும் நானும்தான் சார்.”

மேலாளர் எழுந்துபோய் அறைக் கதவைச் சாத்தினார்.

“நீ உங்கம்மா வீட்டுக்குப் போய் ஆறு மாசமாச்சே! ஆபீஸ்ல முகவரியை மாத்தலையா?”

“மாத்த மனசு வரல. நாம சொல்லாதது எதுவும் கம்ப்யூட்டருக்குத் தெரியாது.” பிறகு மெல்லக் கேட்டாள். “இப்ப மாத்திடட்டுமா?”

அவர் குனிந்து திரையில் இருந்த இரண்டு பெயர்களையும் படித்தார்.

“வேண்டாம். அது சரியாத்தான் சொல்லுது. நான் வேற பிரிவுக்கு மாற்றல் வாங்கிக்கறேன்.”